முதுகில் பையோடு ஹர் கி தூன்: பல நாள் மலைநடைக்கு முழுமையான வழிகாட்டி

பழைய பேப்பர் கடை அண்ணாச்சி தொங்கு தராசின் கொக்கியில் என் பையை மாட்டிவிட்டு, "பதினேழு முந்நூறு. என்ன வெலைக்குப் போடுறீங்க தம்பி?" என்றார். விற்க வரவில்லை, எடை பார்க்கத்தான் வந்தேன் என்றதும் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "இத முதுகுல தூக்கிட்டு மலை ஏறப் போறீங்களா? யாரு அடிச்சா?"

நான் 62 கிலோ. 17.3 கிலோவைத் தூக்கிக்கொண்டுதான் முதல் தடவை இமயமலைக்குப் போனேன். இரண்டாம் நாள் மாலை முழங்கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. ரயிலும் தாமதம், ஊருக்குத் திரும்பும் நாளும் முன்பே குறித்தாயிற்று, ஆகவே மேலே போய்ச் சேர்ந்த அன்று ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. அதற்குப் பிறகு போன நடைகளில் நான் கற்றது இவ்வளவுதான்: இந்தப் பயணம் மலையில் முடிவாவதில்லை. வீட்டில், நாட்காட்டியிலும் தராசிலும் முடிவாகிவிடுகிறது. கீழே வருவதெல்லாம் அந்த இரண்டையும் சரிசெய்யும் வழி.

எடுத்துக்காட்டாக உத்தரகாண்டின் ஹர் கி தூன் பள்ளத்தாக்கை வைத்துச் சொல்கிறேன். சுமார் 3,500 மீட்டர் உயரம். ஏறும் வழியில் ஊர்கள் உண்டு, தண்ணீர் உண்டு, கயிறு பிடித்து ஏற வேண்டிய பாறை கிடையாது. சுமந்து நடக்கப் பழக இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போன வழி என்று சொல்லப்படும் சுவர்க்காரோகிணி சிகரம், 6,252 மீட்டர், பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும்.

நம் ஊர் மலைகளை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வனத்துறை நடத்தும் பாதைகள் பெரும்பாலும் ஒரே நாளில் இறங்கிவிடுகிறவை. இரவு காட்டில் கூடாரம் போட நம் இஷ்டத்துக்கு முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டு, "சும்மா ஒரு கூடாரம் போட்டுக்கலாம்" என்று யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள். நம் பக்கத்தில் பல நாள் நடை வேண்டும் என்றால் கேரள வனத்துறை முன்பதிவில் திறக்கும் அகத்தியர்கூடம் இருக்கிறது. 1,868 மீட்டர், அதிருமலை முகாமில் தங்கி ஏற வேண்டும். இமயத்துக்கு முன் அது நல்ல ஒத்திகை.

படி 1: மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இடத்தை அல்ல

லீவு கிடைக்கும் மாதத்தை வைத்து இடத்தைத் தேட வேண்டும். இடத்தை முடிவு செய்துவிட்டு லீவுக்கு அலைந்தால் தப்பான மாதத்தில் போய் நிற்போம். ஹர் கி தூனுக்கு இரண்டு பருவம்: ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. நடுவில் மழைக்காலம். அப்போது பாதையைவிட பாதைக்குக் கொண்டுபோகும் சாலைதான் ஆபத்து, மண்சரிவில் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும். குளிர்காலத்தில் பனி. அதற்கு வேறு பழக்கமும் வேறு சாமானும் வேண்டும்.

முதல் தடவைக்கு நான் அக்டோபரைச் சொல்வேன். மழை கழுவிவிட்ட வானம், சிகரங்கள் காலையிலிருந்தே தெரியும். இரவில் குளிர் அதிகம்தான். எவ்வளவு என்று நாமே கணக்குப் போடலாம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும். டேராடூன் 640 மீட்டர், மேலே 3,500. வித்தியாசத்துக்கு 19 டிகிரி கழியுங்கள். டேராடூனில் இரவு 15 என்றால் மேலே மைனஸ் 4. தோராயம்தான், ஆனாலும் எந்தத் தூக்கப்பை (உள்ளே நுழைந்து தூங்கும் ஸ்லீப்பிங் பேக்) எடுக்க வேண்டும் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

அடுத்தது நாட்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அன்றைக்கே உட்கார வேண்டும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒன்றரை நாள். அங்கிருந்து டேராடூன். டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மலைச்சாலையில் பஸ்ஸோ ஜீப்போ எட்டிலிருந்து பத்து மணி நேரம். முசோரி, நவ்காவ், புரோலா, மோரி, நைட்வார், பிறகு சாங்க்ரி. வண்டிகள் விடியற்காலையில் கிளம்பிவிடும், ஆகவே முந்தின இரவு டேராடூனில் படுத்தே ஆக வேண்டும். புரோலாவைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்பாதீர்கள். அங்கேயே நூறு ரூபாய், ஐம்பது ரூபாயாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை கேட்டால் டீக்கடைக்காரர் சிரிப்பார்.

நடை ஐந்து நாள், ஓய்வு ஒரு நாள், போகவர ஆறு நாள். அதோடு எதற்கும் ஒதுக்காத ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால், காய்ச்சல் வந்தால், மழை பிடித்துக்கொண்டால் செலவழிக்க. இந்த ஒரு நாள் கையில் இல்லாதவர்கள்தான் மழையில் கிளம்புகிறார்கள், இருட்டில் இறங்குகிறார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் என்ற ஒரே காரணத்துக்காகக் கெட்ட முடிவு எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

படி 2: பாதையைக் காகிதத்தில் ஒரு முறை நடந்துவிடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், அன்றிரவு படுக்கும் உயரம். முக்கியமானது கடைசிக் கட்டம்.

சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர். அங்கிருந்து தாலுகா வரை 12 கிலோமீட்டர் போலக் கரடுமுரடான ஜீப் பாதை. தாலுகாவிலிருந்து நடை, சுபின் ஆற்றின் கரையோடு தேவதாருவும் அக்ரூட் மரமுமாகப் போகும். 13, 14 கிலோமீட்டரில் ஒஸ்லா ஊரும் எதிர்க்கரையில் சீமாவும் வரும், உயரம் சுமார் 2,550. அதற்கு மேல் வயல்களைத் தாண்டி கல்கட்டியாதார், சுமார் 3,000 மீட்டர். பிறகு ஹர் கி தூன்.

பலர் போடும் திட்டத்தில் ஒஸ்லாவிலிருந்து ஒரே நாளில் ஹர் கி தூன் போய் அங்கேயே படுப்பது என்று இருக்கும். தூரம் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான், கால் தாங்கும். ஆனால் படுக்கும் உயரம் ஒரே இரவில் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கூடுகிறது. மூவாயிரத்தைத் தாண்டினால் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் படுக்கை உயரத்தைக் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. கடற்கரை ஊரில் இருந்து வருகிற நமக்கு இது இன்னும் கட்டாயம். ஆகவே என் திட்டம் இப்படி இருக்கும்:

முதல் நாள் சாங்க்ரியிலிருந்து தாலுகா வரை ஜீப், பிறகு நடந்து ஒஸ்லா அல்லது சீமா. இரண்டாம் நாள் அரை நாள் நடை மட்டும், கல்கட்டியாதார் பக்கம் தங்கல். மூன்றாம் நாள் ஹர் கி தூன். நான்காம் நாள் பையை வைத்துவிட்டு மரிந்தா தால் என்ற சிறு ஏரி வரை சும்மா போய்வரலாம், இல்லாவிட்டால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்க்கலாம். ஐந்தாம் நாள் ஒஸ்லாவுக்கு இறக்கம். ஆறாம் நாள் சாங்க்ரி. மேலே கூடாரம் போட விடமாட்டோம் என்று வனத்துறை சொன்னால் கீழ் முகாமிலேயே படுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் வெறும் கையோடு ஏறி இறங்கிவிடுங்கள். நுரையீரலுக்கு அதுவே நல்லது.

ஒரு நாள் நடை எத்தனை மணி நேரம் பிடிக்கும்? நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். தாலுகா–ஒஸ்லா 14 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே மேல் வரும். அவர் ஸ்காட்லாந்துக் கால்களுக்குச் சொன்னார். சுமையும் டீக்கடையும் போட்டோவும் சேர்ந்த நம் கால்களுக்கு அதை ஒன்றே முக்காலால் பெருக்குங்கள். ஆறேகால் மணி நேரம். எனக்கு ஒவ்வொரு தடவையும் இதை ஒட்டித்தான் வந்திருக்கிறது.

வழியில் உள்ளூர்க்காரரிடம் தூரம் கேட்டால் "பாஸ் மே ஹை" என்பார். நம் ஊரில் "இந்தா, கூப்பிடு தூரந்தான்" என்பார்களே, அதே அளவை. ஒன்றரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அனுமதியும் வழிகாட்டியும்

இந்தப் பள்ளத்தாக்கு கோவிந்த் பசு விஹார் சரணாலயத்துக்குள் இருக்கிறது. நைட்வாரில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அடையாள அட்டையின் நகல் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். எங்கே கூடாரம் போடலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது. அதிலிருந்து விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போன வருஷம் போனவர் சொன்னதை வைத்துக் கிளம்பாதீர்கள்.

நம் சுமையை நாமே தூக்கினாலும் முதல் தடவைக்கு சாங்க்ரியில் ஒரு உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பாதை கண்டுபிடிப்பதற்காகக்கூட இல்லை, பாதை தெளிவாகவே இருக்கிறது. மேகத்தைப் பார்த்து "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் அதே மாநிலத்தின் சகஸ்ர தால் பாதையில் 22 பேர் கொண்ட குழு, பெரும்பாலும் கர்நாடகத்தினர், பனிக்காற்றில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூன் மாதம், கோடைக்காலம். அந்த உயரத்தில் கோடை என்பது காலை பத்து மணி வரைக்குமான வார்த்தை.

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் போனையோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையோ இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படி 4: எட்டு வாரம் உடம்பைப் பழக்குங்கள்

ஜிம்மில் ஓடுவதால் மூச்சு கூடும், முழங்கால் பழகாது. முழங்காலைப் பழக்குவது இறக்கம்தான். வாரத்தில் மூன்று நாள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்குங்கள். முதல் வாரம் ஐந்து கிலோ, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு கிலோ கூட்டுங்கள். சுமைக்கு அரிசிப் பையை வைக்கலாம், தண்ணீர் பாட்டில் இன்னும் வசதி, முட்டி வலித்தால் கொட்டிவிட்டு இறங்கலாம். லிஃப்டில் வரும் மாமி "என்னப்பா, லிஃப்ட் ஓடலியா?" என்று கேட்பார். இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்.

மாதம் ஒரு தடவை நிஜ மலை. கோவைக்காரர்களுக்கு, பருவத்தில் திறந்திருக்கும்போது, வெள்ளியங்கிரி ஏழு மலையைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை, நாமக்கல் பக்கம் கொல்லிமலை ஆகாய கங்கையின் ஆயிரம் படிகள். ஆகாய கங்கையில் முதலில் இறங்கிவிட்டுப் பிறகு ஏற வேண்டும் என்பதால் திமிர் அடங்கும். வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியோடு இறங்கும்போது கிடைக்கும் அந்த மூன்றாவது காலின் ருசிதான் மலைநடைக் கம்பு. ஒரு ஜோடி வாங்குங்கள், வீண் செலவு இல்லை.

படி 5: தராசு

உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் நடையில்லை, கூலி வேலை. இரண்டு பேராகப் போகும்போது இப்போது என் பை இப்படி வருகிறது:

கூடாரத்தில் என் பாதி 1.1 கிலோ. தூக்கப்பை 1.4. தரைவிரிப்பு 0.4. காலிப் பையே 1.8. துணிகள் 2. அடுப்பு, பாத்திரத்தில் என் பங்கு 0.6. ஐந்து நாள் சாப்பாடு 3.2. தண்ணீர் 2. மருந்து, தலைவிளக்கு, பவர் பேங்க், சில்லறைச் சாமான் 1. மொத்தம் 13.5.

17.3-லிருந்து குறைந்த 3.8 கிலோ எங்கே போயிற்று? ஒரு ஜீன்ஸ். நான்கு டீசர்ட். ஒரு முழு ஷாம்பு பாட்டில். படிக்கலாம் என்று எடுத்துப்போன தடிப் புத்தகம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "எதுக்கும் இருக்கட்டும்" என்று அம்மா வைத்த ஒரு கிலோ முறுக்கு. எதுக்கும் இருக்கட்டும் என்று உள்ளே போவதெல்லாம் உங்கள் பயத்தின் எடை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "அசௌகரியம்" என்று பதில் வந்தால் வெளியே, "ஆபத்து" என்று வந்தால் உள்ளே.

துணியில் ஒரே ஒரு கட்டளை: பருத்தி வேண்டாம். நம் வெயிலுக்குப் பருத்தி அமிர்தம், அங்கே வேர்வையில் நனைந்தால் காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டி வேர்வையை வெளியேற்றும் டீசர்ட் இரண்டு, அதன்மேல் ஃபிளீஸ், நின்றதும் போட்டுக்கொள்ள இறகு வைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே உண்மையான மழைக்கோட்டு. இரவுக்கென்று ஒரு ஜோடி உடுப்பும் காலுறையும் பிளாஸ்டிக் உறையில் தனியாக இருக்கட்டும், பகலில் என்ன நடந்தாலும் அதைத் தொடக் கூடாது. விதிவிலக்காக ஒரு பருத்திச் சாமான் மட்டும் நான் விடுவதில்லை, ஈரிழைத் துண்டு. தலைப்பாகை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, குடிநீர் வடிகட்டி, எல்லாம் அதுதான்.

மழை உறை பைக்கு வெளியே போட்டால் மட்டும் போதாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே ஒரு கெட்டியான பாலிதீன் உறையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். எடை கூடிய சாமான் முதுகை ஒட்டி நடுவில், தூக்கப்பை அடியில், மழைக்கோட்டும் தின்பண்டமும் மேலே. இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் தோள்பட்டை வாரை இழுக்க வேண்டும். சுமை இடுப்பில் உட்கார வேண்டும். தோள் வலிக்கிறது என்றால் பட்டையைத் தப்பாகக் கட்டியிருக்கிறீர்கள்.

தூக்கப்பையில் இரண்டு வெப்பநிலை எண் அச்சிட்டிருப்பார்கள், வசதியாகத் தூங்கும் குளிருக்கு 'கம்ஃபர்ட்' ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிருக்கு 'லிமிட்' ஒன்று. கடைக்காரர் லிமிட்டைக் காட்டி விற்பார். நீங்கள் கம்ஃபர்ட்டைப் பார்த்து வாங்குங்கள். வாடகைக்கும் கிடைக்கும், சாங்க்ரியிலேயே கடைகள் உண்டு. ஆனால் கடையிலேயே உள்ளே நுழைந்து ஜிப்பை மேலிருந்து கீழே மூன்று தடவை இழுத்துப் பாருங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் எடுத்து, பாதியில் நின்றுபோன ஜிப்போடு விடிய விடியத் துண்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தேன்.

செருப்பு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரியது. இறக்கத்தில் கால் முன்னால் சரியும், விரல் முட்டினால் நகம் கருத்துவிடும். வாங்கி ஒரு மாதமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஐந்தாறு வருஷம் அலமாரியில் கிடந்த பூட்ஸை எடுத்துப்போனால், பார்க்கப் புதிதாக இருக்கும் அடிப்பாகம் ஈரக்காற்றில் உளுத்துப்போய் நடுவழியில் அப்படியே கழன்று வரும். என் மச்சானுக்கு அப்படி ஆகி, தாலுகாவிலிருந்து சணல் கயிறு சுற்றிக்கொண்டு நடந்தான்.

படி 6: சோறு

எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

மூன்றாயிரத்து ஐந்நூறு மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் வேகவைக்காது. பருப்பு போட்டால் காஸ் தீரும், பருப்பு வேகாது. ஆகவே மலைச் சமையலின் கேள்வி ஒன்றே ஒன்று: வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் தயாராகுமா? நமக்கு இதில் பதில் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. அவல். கெட்டி அவலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம், புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறினால் புளி அவல், பருப்புப்பொடியும் நெய்யும் போட்டால் சாதம் மாதிரி, வெல்லமும் ஏலக்காயும் போட்டால் பாயசத்துக்குத் தம்பி. டப்பாவில் அடைத்து விற்கும் மலையேற்ற உணவு எதையும்விட இதன்மேல் எனக்கு நம்பிக்கை. அடுத்த இடம் காய்ந்த அரிசிச் சேவைக்கு. ரவையை வீட்டிலேயே நெய்யில் வறுத்து, தாளிப்பும் உப்பும் சேர்த்துப் பொட்டலம் போட்டுவிட்டால் ஐந்து நிமிஷ உப்புமா.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர்ந்த சாமான். இப்படிப் பிரிப்பேன்: காலைக்கு ரவை அல்லது சத்துமாவு 120, இரவுக்கு அவலோ சேவையோ 180, கடலைமிட்டாய் 100, பொரிகடலையும் வேர்க்கடலையும் 100, பேரீச்சை 60, பால்பவுடர், வெல்லம், பொடிவகை 60, நெய் 30. கடலைமிட்டாயில் நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரி போல இருக்கிறது. எடைக்கு இவ்வளவு பலம் தரும் பண்டம் சுலபமாகக் கிடைக்காது. ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பொட்டலம், மேலே நாள் எண். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே ஐந்தாம் நாள் கடலைமிட்டாய் காலியாகிவிடும். வழியில் தாலுகாவிலும் ஒஸ்லா பக்கமும் டீ, மேகி, ரொட்டி கிடைக்கும். கிடைத்தால் சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

புளிக்காய்ச்சலை ஊறுகாய் பாட்டிலில் எடுத்துப்போனது என் வாழ்நாள் தவறு. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தள்ளும். சாங்க்ரியில் பையைத் திறந்தால் நல்லெண்ணெய் மணம். அதற்குப் பிறகு ஐந்து இரவும் புளியோதரைக்குள் படுத்த மாதிரி இருந்தது. திருகு மூடி இறுக்கமாக விழும் கெட்டி பிளாஸ்டிக் டப்பா, அதை இரண்டு உறைக்குள் போடுங்கள், எண்ணெயையும் குறைத்துக் கிளறச் சொல்லுங்கள். அந்தக் காட்டில் கரடி உண்டு. சாப்பாட்டு மூட்டையைக் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்க வேண்டாம்.

அடுப்புக்குத் திருகிப் பொருத்தும் சிறு காஸ் குப்பி. ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது, டேராடூனில் வாங்குங்கள். 230 கிராம் குப்பி ஒன்று, வெந்நீர்ச் சமையல் என்றால் இரண்டு பேருக்கு மூன்று நான்கு நாள் வரும். வெறும் பியூட்டேன் குப்பியாக இருந்தால் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகாமல் அழும். புரொப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள், இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கும் அப்படித்தான், குளிரில் தானாக இறங்கிவிடும். அதைக் கக்கத்துக் குழந்தை மாதிரி வைத்திருங்கள். விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடும். ஆனால் மேலே ஆடுகளும் கோவேறு கழுதைகளும் போகிற வழி அது. குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வையுங்கள், அல்லது மூன்று நிமிஷம் கொதிக்கவிடுங்கள்.

படி 7: உயரத்தை மதியுங்கள்

காற்றில் ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றே மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, இவை முதல் எச்சரிக்கை மணி. சோடா குடித்தால் சரியாகும் பித்தம் என்று நாமாக வைத்தியம் செய்யக் கூடாது. தலைவலி வந்தால் அன்று அதற்கு மேல் ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், உளறினால், இரவு இரண்டு மணியானாலும் உடனே இறங்க வேண்டும். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோர்ப்பதன் அடையாளம் அது.

உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலரும் மிட்டாய் மாதிரி பகிர்ந்துகொள்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, உங்களுக்கு ஆகுமா, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். மேலே சாராயம் வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

மருந்துப் பையில் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஒட்டும் பட்டி, கட்டுத் துணி. குதிகாலில் சூடு தெரியும்போதே பட்டி ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவது ஒப்புக்குத்தான். சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடியை மருந்து என்று சொல்லமாட்டேன். இரவு ஏழு மணிக்குக் கருப்பட்டிக் காபியில் விழும்போது அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

படி 8: நடக்கும் நாளின் கணக்கு

விடிந்ததும் ஆறரைக்குக் கிளம்புங்கள், மதியம் இரண்டுக்குள் போய்ச் சேருங்கள். மதியத்துக்கு மேல்தான் மேகம் கூடும். உருகும் பனியால் ஓடைகளும் அப்போதுதான் வேகமெடுக்கும். காலையில் முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் சாயங்காலம் தொடையைத் தொடும். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்: "பதினோரு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்புறோம், மச்சான்." மலை உச்சி கண்ணெதிரே இருக்கும்போது புதிதாக முடிவெடுக்க மனசு விடாது.

வேகம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நிற்கும்போது வேர்வை குளிர்வதற்குள் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

கைபேசியில் வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்து, நெட்வொர்க் இல்லாமல் வேலை செய்கிறதா என்று மொட்டைமாடியில் சோதித்துப் பாருங்கள். நடக்கும்போது ஃபிளைட் மோடில் வையுங்கள்.

காலைக்கடன் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். ஓடையிலிருந்து எழுபது எட்டு தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூட வேண்டும். காகிதமும் நாப்கினும் மண்ணுக்குள் போகக் கூடாது, கட்டி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கருப்பு உறை ஒன்று இதற்கென்றே பையில் இருக்கட்டும். தண்ணீர் விட்டுக் கழுவும் நம் பழக்கம் இங்கே பெரிய வரம், காகிதக் குப்பையே சேராது. ஓடையில் சோப்பு மட்டும் கூடாது. கீழே ஒஸ்லாக்காரர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள்.

படி 9: வீட்டில் ஒரு சீட்டு

ஒரு தாளில் எழுதி அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ கொடுங்கள்: எந்த நாள் எங்கே, யாரோடு, வழிகாட்டியின் பெயர், எண், தங்கும் விடுதியின் எண், அவசர எண் 112. சாங்க்ரிக்கு மேலே போனால் போன் வராது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "26-ஆம் தேதி ராத்திரி எட்டு மணி வரைக்கும் போன் வரலைன்னா கவலைப்படாதம்மா. 27-ஆம் தேதி ராத்திரியும் வரலைன்னா இந்த நம்பர்களுக்குக் கூப்பிடு." சும்மா ஒதுக்கிய அந்த ஒரு நாள் இங்கேயும் கணக்கில் வருகிறது. முதல் தடவை நான் இப்படி எழுதிக் கொடுக்கவில்லை. இறங்கி வந்து போன் போட்டபோது மாமா பெட்டியோடு சென்ட்ரலில் நின்றிருந்தார், என்னைத் தேட.

காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், மீட்புச் செலவு சேருமா என்று நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள்.

படி 10: திரும்பி வந்த பிறகு

கூடாரத்தையும் தூக்கப்பையையும் அன்றைக்கே மொட்டைமாடியில் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அடுத்த தடவை திறக்கும்போது பூசணம்தான் இருக்கும். தூக்கப்பையை அமுக்கி வைக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

பிறகு பையில் இருந்த எல்லாவற்றையும் பாயில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தது, ஒரு தடவை எடுத்தது, எடுக்கவே இல்லாதது. மூன்றாவது குவியலைத் தனியாக அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பாருங்கள். எனக்கு முதல் தடவை 3.1 கிலோ வந்தது. அந்தக் குவியலில் மருந்துப் பையும் விசிலும் மழைக்கோட்டும் கிடந்தால் அவற்றை மட்டும் எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டுவிடுங்கள்.